‘டக்... டக்...’ சத்தம் கேட்டாலே இன்ஜின் போச்சா? மாதக்கணக்கில் நின்ற காரை எழுப்பும் முன் கவனிக்க வேண்டியவை!

மன்னார்குடி பக்கம் ஒரு வீடு. வாசலை ஒட்டிய ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கிறது ஒரு பெட்ரோல் கார். வயது 11. ஓடியது 62,000 கிலோமீட்டர். பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பா வாங்கிய வண்டி. அவர் இறந்த பிறகு வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் ஒருமுறை தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வாடகை கார் பிடிப்பதற்குப் பதில், அப்பாவின் வண்டியையே எடுத்து ஓட்டலாமே என்று திருச்சியில் வங்கி வேலையில் இருக்கும் மகளுக்குத் தோன்றியது. விடுமுறையில் ஊருக்கு வந்தவர், தாய்மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு, நான்காவது முறை செல்ஃப் அடித்தபோது இன்ஜின் உயிர் பெற்றது.

அடுத்த நொடியே ‘டக்... டக்... டக்...’ என்று ஒரு சத்தம்.

“ரொம்ப நாள் நின்ன வண்டிம்மா. நாலு ரேஸ் கொடுத்தா சரியாயிடும்” என்று மாமா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சத்தம் கூடியது. மகள் சட்டென்று கையை நீட்டி சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

மறுநாள் வந்த மெக்கானிக், அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். “பேரிங் அடிக்குதுங்க. இன்ஜின் இறக்கணும். எழுபதாயிரம் ஆகும்” என்றார். விற்றால் ஒன்றரை லட்சம்கூடத் தேறாத காருக்கு எழுபதாயிரமா? வேலை பார்ப்பதா, பழைய வண்டிக் கடைக்குத் தள்ளிவிடுவதா? அம்மா எதுவும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நீண்ட நாள் நின்ற காரை எடுக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டு எட்டு மாதம் கழித்துத் திரும்பும் பெற்றோர், 2020 ஊரடங்கில் வண்டியை மூடிவைத்த குடும்பங்கள் எனப் பலருக்கும் இந்தச் சத்தம் பழக்கம். ஆனால், நின்ற காரில் வரும் எல்லாச் சத்தமும் இன்ஜினை இறக்கவேண்டிய சத்தம் அல்ல. சில சத்தம் இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். சில சத்தத்தைக் கேட்ட பிறகும் ஓட்டினால், இரண்டே நிமிடத்தில் இன்ஜினே போய்விடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எழுபதாயிரம் இருக்கிறது.

மூன்று கேள்விகள்

அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர், அப்பா வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக். அவர் வந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாக நிற்கிறது? ஷெட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்ததா? ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் அணைந்ததா?

ஷெட் மேடான இடம், தண்ணீர் வரவில்லை. மூன்றாவது கேள்விக்கு மகளின் போனில் பதில் இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆவதை அம்மாவுக்குக் காட்ட வீடியோ எடுத்திருந்தார். சிவப்பு ஆயில் லைட் மூன்று, நான்கு நொடியில் அணைவது அதில் தெரிந்தது. “அப்ப பம்பு ஆயிலை ஏத்துது பாப்பா. அவசரப்பட வேணாம்” என்றார் மெக்கானிக்.

எத்தனை நாள் என்பது மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டேஷ்போர்டைத் திறந்தபோது பதில் கிடைத்தது. மடித்து வைத்த ஒரு பெட்ரோல் பங்க் பில். ஃபுல் டேங்க். 19 மாதங்களுக்கு முந்தைய தேதி. அப்பா கடைசியாகப் போட்ட பெட்ரோல்.

நின்றால் இன்ஜினுக்குள் என்ன நடக்கும்?

ஓடும் இன்ஜினில் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசுவதில்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கும். வண்டி நின்றால், மேலே இருக்கும் ஆயில் எல்லாம் மெள்ள இறங்கி அடியில் இருக்கும் சம்ப்புக்குப் போய்விடும். மாதக்கணக்கில் நின்றால் சிலிண்டர் சுவரில் இருக்கும் படலமும் காய்ந்துபோகும். ஈரக்காற்று பட்டால் அங்கே லேசாகத் துரு பிடிக்கலாம். பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளலாம்.

இந்த நிலையில் நேரடியாக செல்ஃப் அடித்தால், பம்பு ஆயிலை மேலே ஏற்றும் வரை சில நொடிகள் பாகங்கள் காய்ந்தபடியே உரசும். அந்த நேரத்தில் ‘ரேஸ்’ கொடுப்பது, பட்டினி கிடந்தவரை எழுப்பி ஓடச் சொல்வதைப் போலத்தான்.

ஆயிலும் சும்மா இருப்பதில்லை. பழைய ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும், காற்றின் ஈரமும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் பேரிங் மேல் படிந்திருந்தால் அரிப்பு வரும். எனவே, ‘வண்டி ஓடவே இல்லையே, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?’ என்று கேட்பது தவறு. ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, மாதக் கணக்கும் உண்டு.

‘டக்’ வேறு, ‘டொம்’ வேறு!

நின்ற காரில் பெரும்பாலும் வரும் சத்தங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு.

1. டேப்பட் சத்தம்: மேலே, வால்வு கவர் பக்கம் இருந்து ‘டிக் டிக் டிக்’ என்று மெல்லிய, கூர்மையான சத்தமாக வரும். சில இன்ஜின்களில் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும். அதனுள் ஆயில் நிரம்பியிருக்க வேண்டும். வண்டி நின்றால் ஆயில் வடிந்துவிடும், இடைவெளி விழும், சத்தம் வரும். ஆயில் ஏறியதும் சில நொடிகளிலோ, சில நிமிடங்களிலோ குறைந்து அடங்கினால் பயம் இல்லை.

2. பிஸ்டன் சத்தம்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மந்தமாக ‘டப் டப்’ என்று வரும். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் குறையும். தேய்மானத்தின் அடையாளம்தான். ஆனால், உடனடி ஆபத்து இல்லை.

3. பேரிங் சத்தம்: இதுதான் வில்லன். இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து ‘டொம் டொம்’ என்று கனமாக, சுத்தியலால் தட்டுவதைப் போல வரும். சூடானால் ஆயில் இளகுவதால் குறையாது, கூடும். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து விடும்போது தெளிவாகக் கேட்கும். இதோடு ஆயில் லைட்டும் எரிந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அணைக்க வேண்டும்.

4. பெட்ரோல் சத்தம்: நின்ற இடத்தில் வராது. மேடு ஏறும்போது, அதிக கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதைப் போல ‘கலகல’வென்று வரும். காரணம் பாகம் அல்ல, எரிபொருள்.

5. இன்ஜினுக்கு வெளியே வரும் சத்தம்: பெல்ட், புல்லி, ஆல்டர்னேட்டர் பேரிங், துருப்பிடித்து ஆடும் சைலன்சர் தகடு, புகை கசியும் கேஸ்கெட் எல்லாமே ‘இன்ஜின் சத்தம்’ போலவே ஏமாற்றும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதியளவுதான் சுற்றும். எனவே, டேப்பட் சத்தத்தின் தாளம் மெதுவாகவும், அடியில் இருக்கும் பேரிங் சத்தத்தின் தாளம் அதைவிட வேகமாகவும் இருக்கும். பழகிய காதுகள் இந்தத் தாளத்தை வைத்தே மேலா, கீழா என்று சொல்லிவிடும்.

சாவியைத் திருப்பும் முன்...

அந்த வீட்டு ஷெட்டில் அன்று நடந்தது, நின்ற எந்த பெட்ரோல் காருக்கும் பொருந்தும் ஒழுங்கு.

முதலில் பானெட்டைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தார் மெக்கானிக். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் துணிக் கிழிசலும் இருந்தன. ஒயர்கள் தப்பித்திருந்தன. அடுத்து டிப்ஸ்டிக். ஆயில் கறுப்பாக இருந்தது, அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கு அருகில் இருந்தது. ஆனால், பால் கலந்த காபி நிறத்தில் இல்லை. அப்படி இருந்தால் ஆயிலில் தண்ணீர் அல்லது கூலன்ட் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டார். அன்று இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் வந்து கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை. சுற்றும்போது இடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலம் கொடுத்துத் திருப்பினால் வால்வோ, பிஸ்டனோ சேதமாகலாம்.

பழைய ஆயிலை வடித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தால் ஆயிலில் ஜிகினாத்தூள் போல மின்னும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மின்னினால் அது பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம். இந்த ஆயிலில் எதுவும் மின்னவில்லை. எழுபதாயிரத்தின் மீது விழுந்த முதல் சந்தேகம் அதுதான்.

புது ஆயில், புது ஃபில்டர் போட்ட பிறகும் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பழைய பேட்டரி சார்ஜ் ஏற்றியும் நிற்காததால் புதிது மாட்டினார். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸையும், இக்னிஷன் காயில் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே சில நொடிகள் வீதம் செல்ஃப் அடித்தார். பிளக் இல்லாததால் அழுத்தம் இல்லை, இன்ஜின் லேசாகச் சுற்றும், ஆயில் மட்டும் மேலே ஏறும். ஆயில் லைட் அணைந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

திருப்புளியே ஸ்டெதாஸ்கோப்

ஸ்டார்ட் ஆனது. முதலில் கொஞ்சம் நீலப் புகை, சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்தது. பிறகு அதே ‘டிக் டிக்’. மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. நீளமான திருப்புளியின் முனையை இன்ஜின் மீது வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டார். சுற்றும் பெல்ட்டுக்கு அருகில் கை, துணி, தலைமுடி போகாமல் செய்ய வேண்டிய வேலை இது. வால்வு கவர் மீது வைத்தபோது சத்தம் பலமாக இருந்தது. அடியில் சம்ப் பக்கம் வைத்தபோது அமைதி.

அடுத்து ஒவ்வொரு சிலிண்டராகச் செயலிழக்கச் செய்து பார்த்தார். பேரிங் சத்தமாக இருந்தால், அந்த சிலிண்டருக்கு நெருப்பு போவதை நிறுத்தியதும் பாரம் குறைந்து சத்தம் தணியும். இங்கே எதை நிறுத்தியும் சத்தம் மாறவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அது தானாகவே தேய்ந்து, அடங்கிப்போனது. லிஃப்டருக்குள் ஆயில் ஏறிவிட்டது. இன்ஜின் இறக்கும் வேலை இல்லை என்பது அப்போது உறுதியானது.

முதலில் வந்த மெக்கானிக் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டேப்பட் சத்தமும் பேரிங் சத்தம்போல மிரட்டும். ஆனால், ஆயிலைப் பார்க்காமல், மேலா கீழா என்று கேட்காமல், அரை நிமிடத்தில் தீர்ப்பு சொன்னதுதான் பிரச்னை. சந்தேகம் தீரவில்லையென்றால் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பார்க்கச் சொல்லலாம். கம்ப்ரஷன் சோதனையும் செய்யச் சொல்லலாம். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அளவு ஏறினால் ரிங் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இன்ஜினைப் பிரிக்காமலேயே இவ்வளவும் தெரிந்துகொள்ளலாம்.

அப்பா போட்ட பெட்ரோல்

டேங்கைக் காலி செய்துவிடலாம் என்று மெக்கானிக் முதல் நாளே சொன்னார். அம்மாதான் தடுத்தார். “அவர் போட்ட பெட்ரோல் தம்பி. அது பாட்டுக்கு ஓடட்டுமே” என்றார். மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. பிரேக், டயர் காற்று எல்லாம் பார்த்த பிறகு, இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் வரை காத்திருந்து, மகளோடு ஒரு சுற்று போனார்.

சமதளத்தில் சத்தமே இல்லை. பாலத்து மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியபோது ‘கலகல’ என்று ஆரம்பித்தது.

பெட்ரோல் என்பது ஒரே திரவம் அல்ல. பல வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. நாள்பட நின்றால், எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மீதமிருப்பது காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறத் தொடங்கும். நல்ல பெட்ரோலின் வாசனை போய், பழைய வார்னிஷ் போலப் புளித்த நாற்றம் வரும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துவிடும். இந்தியாவில் 20 சதவிகித எத்தனால் கலந்த ‘இ20’ பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. எனவே, இனி வண்டியை நிறுத்திவைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆக்டேன் குறைந்தால் ஏன் சத்தம்? சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். தரம் குறைந்த பெட்ரோல் என்றால், நெருப்பு வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் ‘நாக்கிங்’. இதை அடக்க 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். சத்தம் அடங்கியது. ஆனால், உலகமே பல பத்தாண்டுகள் ஈயப் புகையைச் சுவாசித்தது. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது 2000-ம் ஆண்டு பிப்ரவரியில்தான்.

இன்றைய பல கார்களில் நாக் சென்சார் இருக்கிறது. அதிர்வை உணர்ந்து, நெருப்பு வைக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தள்ளிப்போடும். ஆனால், அதற்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டி நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன் தலை அரிக்கும், உடையவும் செய்யும். ‘சத்தம்தானே’ என்று அப்படியே ஓட்டிவிட முடியாது.

வீட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துக் காட்டினார். பழுப்பேறியிருந்தது. அடியில் தனியாக ஒரு கோடு. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி தம்பி, எடுத்துடுங்க” என்றார். டேங்க் காலியானது. ஃப்யூவல் ஃபில்டர் மாற்றி, புது பெட்ரோல் நிரப்பியதும் அதே பாலத்தில் சத்தம் இல்லை. பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டுவதோ, குப்பை எரிக்க ஊற்றுவதோ ஆபத்து. ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற காரா? சாவியைத் தொடாதீர்கள்!

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று முயன்றால் பெரும் செலவில் முடியும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், கனெக்டிங் ராட் வளையும். அதன் பிறகு வரும் ‘டொம் டொம்’ சத்தத்துக்கு இன்ஜின் இறக்குவதைத் தவிர வழியில்லை. அப்படிப்பட்ட வண்டியை இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப் கொண்டுபோக வேண்டும்.

டீசல் காருக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. டீசல் இன்ஜினுக்கு ‘கடகட’ சத்தம் இயல்பே. வழக்கத்தைவிடக் கூடுதலா என்றுதான் பார்க்க வேண்டும். டேங்கில் சேரும் தண்ணீரும், அதில் வளரும் நுண்ணுயிரிகளும் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைத்துவிடும். ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நிறுத்திவைக்கும் முன் செய்ய வேண்டியவை

* ஆயில் மாற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலோடு நிறுத்தாதீர்கள்.
* ஓரிரு மாதம் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் சேரும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால், பெட்ரோலை மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.
* வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஆன் செய்து அணைப்பதால் பயனில்லை. இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் ஈரம்தான் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20, 30 நிமிடம் ஓட்டச் சொல்லி நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள்.
* யாரும் இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.
* ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.
* உரிமையாளர் இறந்துவிட்டால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.
* சத்தம் வந்தால் ரேஸ் கொடுக்காதீர்கள். அணைத்துவிடுங்கள். அதற்கு முன் சில நொடி, மீட்டர் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பேட்டரி, ஆயில், ஃபில்டர், பெட்ரோல், கூலி எல்லாம் சேர்த்து அந்த வீட்டில் ஆன செலவு 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரும்பகுதி பேட்டரியும் பெட்ரோலும்தான்.

அடுத்த மாதம் அம்மா தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அந்தக் காரிலேயே போனார். மகள் ஓட்டினார். டேங்கில் இருந்த பெட்ரோல் போய்விட்டது. பில் மட்டும் இன்னமும் டேஷ்போர்டில் அதே மடிப்போடு இருக்கிறது.